டீசல் இன்ஜின் டேப்பட் கேப்: வீட்டிலேயே பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங், பீடோர் வட்டாரத்தில் பழைய டீசல் இன்ஜினை நம்பிப் பிழைப்பவர்கள் நிறைய. செம்பனைத் தோட்டத்தில் குலை இழுக்கும் மாஸி ஃபெர்குசன் டிராக்டர், காய்கறி ஏற்றும் சின்ன லோரி, இருபது முப்பது வருடம் ஓடிய ஹைலக்ஸ் என்று எல்லாவற்றிலும் டேப்பட் பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டுப் போர்ச்சில் ஒரு காலைப்பொழுதில் முடிகிற வேலைதான். ஆனால் தப்பாகச் செய்தால் ஹெட்டையே, அதாவது வால்வுகள் உட்கார்ந்திருக்கும் இன்ஜினின் மேல்பகுதியையே, கழற்ற வேண்டி வரும். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறோம்.

டேப்பட் கேப்னா என்னண்ணே? அந்த இடைவெளியை எதுக்கு விட்டு வச்சிருக்காங்க?

பழைய இன்ஜின்கள் பலவற்றில் கேம் ஷாஃப்ட் புஷ் ராடைத் தள்ளுகிறது, புஷ் ராட் ராக்கரைத் தூக்குகிறது, ராக்கரின் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது. வால்வு முழுசாக மூடியிருக்கும்போது ராக்கர் முனைக்கும் வால்வு தண்டின் தலைக்கும் நடுவே இருக்கும் சின்ன இடைவெளிதான் டேப்பட் கேப். இன்ஜின் சூடானால் வால்வு தண்டு நீளும். நீள்வதற்கு இடம் இல்லாவிட்டால் வால்வு தன் சீட்டில், அதாவது பதிந்து மூடும் இடத்தில், உட்கார முடியாமல் லேசாகத் திறந்தபடியே நிற்கும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. வால்வு ஒரு மயிரிழை திறந்திருந்தாலும் அந்த அழுத்தம் கசியும். காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும், வெள்ளைப் புகை வரும்.

சத்தமே இல்ல, வண்டி நல்லாத்தான் ஓடுது. எதுக்குத் திறந்து பார்க்கணும்?

இந்தக் கேள்வியைத்தான் நாங்கள் ரொம்பக் கவலையோடு எடுத்துக்கொள்கிறோம். கேப் அதிகமானால் சத்தம் வரும். கேப் குறைந்தால் சத்தம் குறையும். அதாவது ஆபத்தான பக்கம் போகப் போக இன்ஜின் அமைதியாகிக்கொண்டே போகும். "சத்தம் நின்னுடுச்சு, தானா சரியாயிடுச்சு" என்று சந்தோஷப்படுகிற இன்ஜினில்தான் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு கருகிக்கொண்டிருக்கும்.

எக்ஸாஸ்ட் வால்வு வாங்கும் சூட்டில் பெரும்பகுதி, அது மூடி சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. கேப் இல்லாவிட்டால் உட்காரும் நேரம் குறையும், சூடு இறங்காது, சந்து வழியாக எரியும் வாயுவும் சீறிப் போகும். வால்வின் ஓரம் அரித்துப் பள்ளமாகிவிட்டால் டேப்பட் வைத்துப் பயனில்லை. ஹெட்டைக் கழற்றி வால்வை மாற்ற வேண்டியதுதான்.

என் இன்ஜினுக்கு எவ்வளவு வைக்கணும்? பொதுவா ஒரு அளவு சொல்லுங்க.

பொதுவான அளவு என்று ஒன்று கிடையாது. இன்ஜின் நம்பரைப் பார்த்து அதற்குரிய அளவைத்தான் வைக்க வேண்டும். இங்கே அதிகம் புழங்கும் சில:

இசுசு 4ஜேஏ1, 4ஜேபி1: இன்டேக் (காற்றை உள்ளே விடும் வால்வு), எக்ஸாஸ்ட் இரண்டும் 0.40 மி.மீ., ஆறிய நிலையில். டி-மேக்ஸில் வரும் 4ஜேஜே1: இரண்டும் 0.15 மி.மீ., ஆறிய நிலையில். மாஸி ஃபெர்குசன் 240-இல் இருக்கும் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் ஏடி3.152: ஆறிய நிலையில் 0.30 மி.மீ., சூட்டில் 0.25 மி.மீ. பழைய ஹைலக்ஸின் 3எல்: இன்டேக் 0.20 முதல் 0.30, எக்ஸாஸ்ட் 0.40 முதல் 0.50 மி.மீ., ஆறிய நிலையில்.

இசுசு இரண்டையும் பாருங்கள். கம்பெனி ஒன்றுதான், அளவோ 0.40-உம் 0.15-உம். 4ஜேபி1-க்கு 0.15 வைத்தால் வால்வு கருகும். 4ஜேஜே1-க்கு 0.40 வைத்தால் தகரத்தைத் தட்டுவது போல அடிக்கும். பக்கத்து வீட்டு லோரிக்கு வைத்த அளவை உங்கள் லோரிக்கு வைக்காதீர்கள். சில இன்ஜின்களில் ராக்கர் கவர் மேலேயே ஸ்டிக்கரில் அளவு போட்டிருக்கும், முதலில் அதைத் தேடுங்கள்.

சூட்டோட பார்க்கணுமா, ஆறின பிறகா?

மேனுவல் எந்த நிலைக்கு அளவு கொடுத்திருக்கிறதோ அந்த நிலையில். இரண்டுக்கும் கொடுத்திருந்தாலும் வீட்டில் செய்பவர்கள் ஆறிய நிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சூட்டில் செய்தால் முதல் சிலிண்டர் பார்க்கும்போது இருக்கும் சூடு கடைசி சிலிண்டருக்கு வரும்போது இருக்காது, கையும் சுடும்.

ஆறிய நிலை என்றால் ராத்திரி முழுக்க நின்ற இன்ஜின். இரண்டு மணி நேரம் ஆறிய இன்ஜினைத் தொட்டால் குளிர்ந்தது போலத்தான் இருக்கும், ஆனால் பிளாக்கின் உள்ளே இன்னும் சூடு நிற்கும். சாயங்காலம் நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் திறங்கள். நம் பக்கம் மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்வதாலும் காலைதான் நல்லது.

என்னென்ன சாமான் தேவை?

ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டு இலைகள்) ஒரு செட், 0.05 மி.மீ. படியில் போவதாக இருக்கட்டும். ராக்கரில் கேப்பை மாற்றும் ஸ்க்ரூவைப் பூட்டியிருக்கும் லாக் நட்டுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், அந்த ஸ்க்ரூவின் வாய்க்கு அகலம் சரியாக இருக்கும் ஸ்க்ரூடிரைவர், கிராங்க் புல்லி போல்ட்டுக்கு சாக்கெட்டும் நீளமான கைப்பிடியும், சாக்பீஸ், துணி, ஒரு நோட்டு, பேனா. ராக்கர் கவர் கேஸ்கெட் புதியது ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெர்கின்ஸில் நட்டுகள் இஞ்சு அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் மூலை மழுங்கிவிடும்.

ஃபீலர் கேஜ் பழசாக இருந்தால் ஒவ்வொரு இலையையும் வெளிச்சத்தில் பாருங்கள். நுனி வளைந்த இலை, துருப் புள்ளி விழுந்த இலை இரண்டுமே பொய் சொல்லும்.

திறக்கறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

தோட்டத்து வண்டியின் ராக்கர் கவரைச் சுற்றி எண்ணெயும் செம்மண்ணும் கலந்து ஒரு அப்பம் போல ஒட்டியிருக்கும். அதை டீசல் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்த பிறகுதான் கவரைத் தொட வேண்டும். ஒரு சிட்டிகை மணல் உள்ளே விழுந்தாலும் அது ஆயிலோடு கலந்து போகும்.

கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, டயருக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். டிராக்டரில் ஸ்டாப் நாபை இழுத்தபடியே விடுங்கள்.

இன்ஜினைக் கையால எப்படிச் சுத்துறது? ரொம்ப டைட்டா இருக்கே.

கிராங்க் புல்லி நடுவில் இருக்கும் போல்ட்டில் சாக்கெட் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். முன்னால் நின்று பார்த்தால் மேலே சொன்ன இன்ஜின்களில் அது கடிகாரத் திசை. கனமாக இருப்பது அழுத்தத்தால்தான். மெதுவாகச் சுற்றினால் காற்று கசிந்து இறங்கிவிடும். ஸ்டார்ட்டுக்கு முன் சூடேற்றும் குளோ பிளக்கைக் கழற்றினால் சுலபமாகும், ஆனால் வருடக்கணக்கில் கழற்றாத குளோ பிளக் ஹெட்டுக்குள்ளேயே ஒடிந்துபோகும். கழற்றாமல் பொறுமையாகச் சுற்றுவதே மேல்.

பின்பக்கமாகச் சுற்றாதீர்கள். 4ஜேபி1-இல் இருப்பது டைமிங் கியர் என்பதால் பெரிய ஆபத்து இல்லை. டொயோட்டா 3எல், மிட்சுபிஷி 4டி56 இரண்டிலும் இருப்பது பெல்ட். பழைய பெல்ட் தளர்ந்திருந்தால் பின்பக்கம் சுற்றும்போது பல் தாண்டிவிடலாம். குறி தாண்டிப் போய்விட்டால் முன்பக்கமாகவே இன்னும் இரண்டு சுற்று சுற்றி மறுபடி வாருங்கள்.

எது இன்டேக், எது எக்ஸாஸ்ட்னு எப்படித் தெரியும்?

மானிஃபோல்டைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் மானிஃபோல்ட் குழாய் ஹெட்டில் சேரும் இடத்துக்கு நேரே இருப்பது எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாய் சேரும் இடத்துக்கு நேரே இருப்பது இன்டேக். பார்த்ததும் கவர் கழற்றிய ஹெட்டின் ஓரத்தில் சாக்பீஸால் எழுதிவிடுங்கள். இன்டேக், எக்ஸாஸ்ட் மாறி மாறித்தான் வரும் என்று ஊகிக்கக் கூடாது.

எந்த வால்வை எப்போ அட்ஜஸ்ட் பண்றது? இதுதான் ஒவ்வொரு தடவையும் குழப்புது.

ஆளுக்கு ஒரு வழி சொல்வதால்தான் குழப்பம். ராக்கர் உள்ள எல்லா இன்ஜினுக்கும் ஒத்து வரும் ஒரே வழியைப் பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு சிலிண்டரின் இரண்டு ராக்கரையும் பார்த்தபடி மெதுவாகச் சுற்றுங்கள். எக்ஸாஸ்ட் வால்வு மேலே ஏறி மூடப் போகும் தருணத்தில் இன்டேக் வால்வு கீழே இறங்கத் தொடங்கும். ஏற்றப் பலகை போல ஒன்று ஏற ஒன்று இறங்கும் அந்த ஆட்டத்தின் நடுவில் நிறுத்துங்கள். பிஸ்டன் இப்போது மேலே இருக்கிறது, ஆனால் இரண்டு வால்வும் லேசாகத் திறந்திருக்கின்றன. இங்கே அளக்கக் கூடாது. புல்லியில் ஒரு சாக்பீஸ் கோடு, அதற்கு நேரே பிளாக்கில் ஒரு கோடு போடுங்கள். கோடு மறுபடி கோட்டோடு சேரும்வரை சரியாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். இப்போது அந்த சிலிண்டரின் இரண்டு வால்வும் முழுசாக மூடியிருக்கும். இரண்டையும் அளங்கள், சரிசெய்யுங்கள், நோட்டில் எழுதுங்கள். அடுத்த சிலிண்டருக்கும் இதேதான்.

நாலு சிலிண்டரில் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் அடிக்கும் வரிசை) 1-3-4-2 என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. நாலாவதில் ஆட்டம் நடக்கும்போது ஒன்றாவதைப் பார்க்கலாம். ஒன்றில் ஆடும்போது நாலை, இரண்டில் ஆடும்போது மூன்றை, மூன்றில் ஆடும்போது இரண்டை. மாஸி ஃபெர்குசனின் மூன்று சிலிண்டருக்கு இந்த ஜோடிக் கணக்கு ஒத்து வராது. அங்கே சாக்பீஸ் கோடுதான்.

ஃபீலர் கேஜ் எவ்வளவு டைட்டா போகணும்? ஒருத்தர் கையும் ஒருத்தர் கையும் ஒரே மாதிரி இல்லையே.

கையின் உணர்வை மட்டும் நம்ப வேண்டாம், மூன்று இலையால் சரிபாருங்கள். 0.40 வைக்க வேண்டும் என்றால் 0.40 இலை லேசான இழுவையோடு போய் வர வேண்டும், 0.35 இலை தடையே இல்லாமல் ஓட வேண்டும், 0.45 இலை நுழையக் கூடாது. மூன்றும் ஒத்தால் யார் கையாக இருந்தாலும் அளவு சரி.

இலையை நேராக, ராக்கர் முனைக்குச் சமதளமாக நுழையுங்கள். சாய்த்து நுழைத்தால் சரியான கேப்கூட இறுக்கமாகத் தெரியும். அதை நம்பித் தளர்த்தினால் கேப் கூடிப்போகும். இலையில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவிக்கொள்வது நல்லது.

அளவு சரியா வச்சு லாக் நட்டை இறுக்கினதும் கேப் மாறிடுதே?

நட் திரும்பும்போது ஸ்க்ரூவையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. அரைச் சுற்றுத் தளர்த்திய நட்டில், ஸ்க்ரூடிரைவரால் ஸ்க்ரூவை அசையாமல் பிடித்தபடி மறு கையால் ஸ்பேனரைத் திருப்புங்கள். ஃபீலர் இலையை உள்ளேயே விட்டு வையுங்கள், மாறினால் உடனே தெரியும்.

ஸ்க்ரூவை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு மி.மீ. பிட்ச் உள்ள மரையில் கால் சுற்று என்பது 0.25 மி.மீ. ஸ்க்ரூ புஷ் ராட் பக்கம் இருந்தால், வால்வு பக்கக் கை நீளமாக இருப்பதால் கேப்பில் மாற்றம் இன்னும் கூடுதலாகத் தெரியும். அதனால் திருப்புவது சின்னச் சின்ன அசைவாக இருக்கட்டும். இறுக்கிய பிறகு மூன்று இலைச் சோதனையை மறுபடி செய்யாமல் அடுத்த வால்வுக்குப் போகாதீர்கள்.

ஸ்க்ரூவை ரொம்பத் தளர்த்திட்டேன், ராக்கர் ஆடுது. பரவாயில்லையா?

உடனே இன்ஜினைச் சுற்றாதீர்கள். புஷ் ராட் தன் கிண்ணத்திலிருந்து விலகியிருக்கலாம். விரலால் புஷ் ராடைப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். மேல் நுனி ஸ்க்ரூவின் உருண்டையில் பதிந்து, கீழ் நுனி அசையாமல் உட்கார்ந்திருந்தால் சரி. விலகிய நிலையில் ஸ்டார்ட் பண்ணினால் புஷ் ராட் வளையும்.

எல்லாம் அளவா வச்சும் ஒரு வால்வுல மட்டும் டக்டக்னு சத்தம் நிக்கலை.

டார்ச் அடித்து ராக்கர் முனையைப் பாருங்கள். வருடக்கணக்கில் வால்வு தண்டு இடித்த இடத்தில் வழவழப்பாக ஒரு குழி விழுந்திருக்கும். ஃபீலர் இலை தட்டையானது. அது குழியின் இரண்டு கரையிலும் பாலம் போலப் படுத்துக்கொள்ளும், குழிக்குள் இறங்காது. இலை 0.40 என்று காட்டும், உண்மையான கேப் அதற்கும் மேலே இருக்கும். இதற்கு ராக்கரைக் கழற்றி முனையைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். சத்தத்தை அடக்குவதற்காகக் கேப்பைக் குறைக்கத் தொடங்கினால் அளவு உங்கள் கையை விட்டுப் போய்விடும், வேண்டாம்.

ராக்கர் நன்றாக இருந்தால் புஷ் ராடை உருவி, கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் துள்ளும். அதுவும் சரியென்றால், அது டேப்பட் சத்தமே இல்லாமல், டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரின் சத்தமாக இருக்கலாம். வால்வு ஒவ்வொன்றும் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தட்டும். 800 சுற்றில் ஐட்லிங் என்றால் நிமிடத்துக்கு 400 தட்டு. இன்ஜெக்டரும் அதே கணக்குதான், ஆகவே காதால் மட்டும் பிரிக்க முடியாது. இன்ஜெக்டரின் பைப் நட்டைத் தளர்த்திச் சோதிப்பது பழைய பம்ப் இன்ஜினில் ஃபோர்மேன் (வொர்க்‌ஷாப் மெக்கானிக்) செய்கிற வேலை. 4ஜேஜே1 போன்ற, டீசலை மிக அதிக அழுத்தத்தில் தேக்கிப் பீச்சும் காமன் ரயில் இன்ஜினில் யாரும் செய்யக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

என் ஹைலக்ஸ்ல அட்ஜஸ்ட் பண்ற ஸ்க்ரூவே இல்லையே?

3எல் இன்ஜினில் ராக்கரும் கிடையாது, புஷ் ராடும் கிடையாது. கேம் நேராகக் கிண்ணத்தை அழுத்துகிறது, கிண்ணத்தின் மேலே ஷிம் என்ற வட்டத் தகடு. கேமின் மூக்கு கிண்ணத்துக்கு எதிர்த்திசையில் நிற்கும்போது அளக்க வேண்டும். அளப்பதை வீட்டிலேயே செய்யலாம். ஷிம்மை மாற்ற, கிண்ணத்தை அழுத்திப் பிடிக்கும் தனிக் கருவி தேவை.

கணக்கு இது: புதிய ஷிம் = பழைய ஷிம் கனம் + அளந்த கேப் − வேண்டிய கேப். எக்ஸாஸ்ட்டில் 0.35 இருக்கிறது, 0.45 வேண்டும், பழைய ஷிம் 2.70 என்றால், 2.70 + 0.35 − 0.45 = 2.60. பழைய ஷிம்மில் அச்சடித்த எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரில் அளங்கள், தேய்ந்திருக்கும். புதிய ஹைலக்ஸின் 2ஜிடி இன்ஜினில், ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் முறை என்பதால் இந்த வேலையே இல்லை.

ஒரே எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் வருஷா வருஷம் இறுகிக்கிட்டே போகுது. ஏன்?

நோட்டில் எழுதச் சொன்னது இதைக் கண்டுபிடிக்கத்தான். ராக்கர், கேம், புஷ் ராட் தேய்ந்தால் கேப் கூடும். வால்வு முகமோ சீட்டோ தேய்ந்தால் வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறும், கேப் குறையும். போன தடவை 0.40 வைத்தது இந்தத் தடவை 0.30, அடுத்து 0.20 என்று வந்தால் சீட் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சரிசெய்து ஓட்டலாம், ஆனால் பார்க்கும் இடைவெளியைப் பாதியாகக் குறையுங்கள், ஹெட் வேலைக்குப் பணம் ஒதுக்கத் தொடங்குங்கள்.

எவ்வளவு நாளைக்கு ஒருக்கா பார்க்கணும்?

மேனுவல் சொல்வதுதான் முதல் கணக்கு. மேனுவல் இல்லையென்றால் டிராக்டருக்கு 500 மணி நேரம், லோரிக்கும் ஹைலக்ஸுக்கும் 40,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெட் கேஸ்கெட் மாற்றினால், ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்கினால், கணக்குப் பார்க்காமல் உடனே பார்க்க வேண்டும்.

இப்ப டீசல்ல பாம் ஆயில் கலக்குறாங்களே, அதனால கேப் மாறுமா?

மாறாது. 2019 முதல் வண்டிகளுக்கு விற்கும் பெரும்பாலான டீசலில் பி10, அதாவது பத்து விழுக்காடு செம்பனை மெத்தில் எஸ்டர், கலக்கப்படுகிறது. அது வால்வு கேப்பைத் தொடாது. அது பழைய தொட்டியில் படிந்த அழுக்கைக் கரைத்து எடுத்துவருவதால் ஃபில்டர் அடைக்கலாம், பழைய ரப்பர் குழாய்கள் ஊறலாம். டேப்பட் சத்தத்துக்கு அதைக் காரணம் காட்டி ராக்கர் கவரைத் திறக்காமல் விடாதீர்கள்.

புஸ்பாகோம் வண்டிச் சோதனையில புகைக்கு ஃபெயில் ஆயிடுச்சு. டேப்பட் வச்சா பாஸ் ஆகுமா?

கறுப்புப் புகை என்றால் முதலில் ஏர் ஃபில்டர், பிறகு இன்ஜெக்டர், பிறகு பம்ப். கேப் மிக அதிகமாக இருந்தால் இன்டேக் வால்வு குறைவாகத் திறந்து காற்று குறையும், அதனால் கொஞ்சம் புகை கூடும். டேப்பட்டைச் சரிசெய்வது உதவும், ஆனால் அதை மட்டும் செய்துவிட்டு மறுபடி போய் நிற்காதீர்கள்.

மூடி ஸ்டார்ட் பண்ணினதும் ஒரு சிலிண்டர் அடிக்க மாட்டேங்குது. என்ன தப்பு?

உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் ஒரு வால்வை ஆட்டத்தின் நடுவில், திறந்திருக்கும்போதே அளந்து இறுக்கியிருப்பீர்கள். அது இப்போது மூடவே மூடாது. ஆற விட்டு, கவரைத் திறந்து, எந்த வால்வை எப்போது பார்ப்பது என்ற பதிலில் சொன்னபடி முதல் சிலிண்டரிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அளங்கள். சந்தேகப்பட்ட ஒன்றை மட்டும் பார்த்து விட்டுவிட வேண்டாம்.

கவர் ஓரத்துல ஆயில் கசியுது.

பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருப்பீர்கள், அல்லது போல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கித் தகரக் கவர் வளைந்திருக்கும். கவரைக் குப்புற ஒரு கண்ணாடிப் பலகையில் வைத்து, வெளிச்சம் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். போல்ட் ஓட்டைகளைச் சுற்றி மேடாகியிருந்தால் மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டிச் சமமாக்கலாம். இரண்டு பரப்பையும் ஆயில் இல்லாமல் துடைத்து, புதிய கேஸ்கெட் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டு சுற்றாக இறுக்குங்கள்.